சொல்லிவிட்டு அடித்தவர்கள்

உம்மா தன் வளவை இரண்டாகப் பிரித்து எனக்கும் மூத்தவள் ராத்தாவுக்கும் சீதனமாகத் தந்தா. நடுவில் ஒரு தகர வேலி. சென்ற வருடம் அதைப் புதுப்பித்தபோது ராத்தா கட்டைகளை ஒரு சாண் என் பக்கம் தள்ளி நட்டுவிட்டா.

நான் பள்ளிவாசலுக்கு முறைப்பாடு கொண்டுபோகவில்லை. அப்படிப் போனால் அது யுத்தம். பெருநாளைக்கு அவ வட்டிலப்பம் அனுப்பிய கோப்பையைக் கழுவி, வெறுமையாகத் திருப்பியனுப்பினேன். எங்கள் ஊரில் ஒரு பிடி சீனியாவது போடாமல் கோப்பையை அனுப்பமாட்டார்கள். மறுநாள் வேலிக்கு மேலே நீட்டியிருந்த என் முருங்கைக் கொப்பு வெட்டுப்பட்டது. ஸலாம் மட்டும் நிற்கவில்லை. பதில் சொல்லாவிட்டால் குற்றமல்லவா.

எங்கள் இருவரின் மகன்மாரும் வளைகுடாவில் ஒரே அறையில் இருக்கிறார்கள்; ராத்தாவின் மகன் மூத்தவன், என் மகனுக்கு அவன் காக்கா. அங்குள்ள அந்நியப் படைத்தளத்துக்குப் பக்கத்து நாடு ஏவுகணை அடித்ததாக ஒரு நாள் விடியற்காலையில் செய்தி வந்தது. முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் அடித்தார்களாம், தளத்தில் ஆட்களே இல்லையாம். இரண்டு தரப்பும் வென்றதாக அறிக்கை விட்டன.

"சொல்லிப்போட்டு அடிக்கிறானுகள். நல்ல சண்டை" என்றார் என் கணவர்.

ஆறரைக்கு மகனின் குரல் பதிவு வந்தது. "உம்மா, நானும் காக்காவும் சுகம். சத்தம் கேட்டு ஓடக்குள்ள அவர்ர ஃபோன் உழுந்து உடஞ்சிட்டு. பெரியம்மாக்குச் சொல்லுங்க."

வேலி இடுக்கால் பார்த்தேன். ராத்தா முற்றத்தில் நின்று ஃபோனில் மகனைத் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தா. அவ வாய் திறந்து கேட்கட்டும் என்று நினைத்தேன். உலை வைத்தேன், மீன் வெட்டினேன். மனம் உறுத்தியது. ஆனாலும் போகவில்லை.

எட்டு மணிக்கு அவ வாசலால் வந்தா. முந்தானை நிலத்தில் இழுபட்டது.

"தங்கச்சி, உன்ட மகன் கதச்சானா? என்ட புள்ள இரிக்கானா?"

"ஓம் ராத்தா. ரெண்டு பேரும் சுகம்."

பதிவைக் கேட்க வேண்டுமென்றா. ஃபோனைக் கொடுத்தேன். கேட்டு முடித்து, திரையைக் கொஞ்சநேரம் பார்த்தா. பதிவு வந்த நேரம் அதில் இருந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபோனைத் திருப்பித் தந்தா.

பின்னேரம் ஒரு கோப்பை பாற்சோறு அனுப்பியிருந்தா. அந்தக் கோப்பை இன்னும் என் குசினியில் இருக்கிறது. அந்த நாடுகூட முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் அடித்தது. என் கூடப்பிறந்தவளை, பிள்ளையைப் பறிகொடுத்தவள்போல, ஒன்றரை மணித்தியாலம் மௌத்து வீட்டில் நிறுத்தி வைத்தேன், ஒரு சாண் மண்ணுக்காக.