புத்தூர் ஸ்டேஷனில் சித்தி

எதிர் இருக்கைப் பெண்ணின் மடியிலிருந்த குழந்தையிடம் வசம்பு வாசம். ரயில் புத்தூரில் நிற்பதற்குள் எனக்கு ஆறு வயதாகிவிட்டது.

திருத்தணி ஆந்திராவிலிருந்து பிரிந்து மெட்ராஸோடு சேர்ந்த வருஷம் அது. திருப்பதி, திருச்சானூர், சந்திரகிரிக் கோட்டை எல்லாம் பார்த்து, கடைசியாகக் காளஹஸ்தியும் கும்பிட்டு நகரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். காளஹஸ்தி போனால் வேறு யார் வீட்டுக்கும் போகாமல் நேராக வீடு திரும்ப வேண்டும். புத்தூரில் அம்மாவின் தங்கைக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம். அம்மா இன்னும் பார்க்கவில்லை.

அம்மா போட்ட கடுதாசி கண்டு, சித்தி குழந்தையோடு ஸ்டேஷனுக்கே வந்து எங்கள் ரயில் ஜன்னலோரம் நின்றாள்.

"காளஸ்திலேர்ந்து வந்துக்கினு இருக்கேன்டி. தொடலாமா?" அம்மா தயங்கினாள்.

"ஊட்டுக்குத்தானே வரக்கூடாது? ரயிலு யார் ஊடு, அக்கா?" என்று சித்தி குழந்தையை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

விசில் ஊதும்வரை அது அம்மாவின் மடியில் கிடந்தது. அதன்பின் நகரி வரை அம்மா தன் உள்ளங்கையை முகர்ந்துகொண்டே வந்தாள்.

எதிர் இருக்கைப் பெண்ணிடம் கையை நீட்டினேன். "கொஞ்சம் என்கிட்ட குடும்மா."