அரவை மில்லுக்கு ஒரு தடைக்காலம்

பராமரிப்பு வேலை என்பது ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்கிற வேலை, ஒன்றும் நடக்கவில்லை என்றால் "மாசம் பூரா என்னய்யா பண்ணின?" என்பார்கள், ஏதாவது நடந்துவிட்டால் அதையே கொஞ்சம் சத்தமாகக் கேட்பார்கள். நகக்கண்ணில் கிரீஸோடு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பழகிய என் இனத்தாருக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

காரைக்கால் பக்கம் ஒரு டைல்ஸ் தொழிற்சாலையில் நான் பராமரிப்பு மேனேஜர். எங்களிடம் களிமண் அரைக்கும் மில் ஒன்று இருக்கிறது. லாரி பருமனில் ஓர் இரும்பு உருளை, பக்கத்தில் அதைச் சுற்றவைக்கும் பல்சக்கரம். அந்தச் சக்கரத்தின் பேரிங் கத்த ஆரம்பித்து ரொம்ப நாளாகியிருந்தது. மாற்ற வேண்டுமானால் அரை ஷிப்ட் மில்லை நிறுத்த வேண்டும். நிறுத்தத் தரமாட்டார்கள். அதனால் எங்கள் ஃபிட்டர், மண்டபத்தூர் கலியபெருமாள், மூடியைக் கழற்றிவிட்டு, ஓடுகிற சக்கரத்துக்கு அந்தப் பக்கம் கையை நீட்டி ஷிப்டுக்கு ஒரு தடவை கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கை என்றைக்காவது சக்கரத்துக்குள் போய்விடும் என்பதுதான் எனக்கிருந்த ஒரே கவலை. மீட்டிங்கில் சொன்னேன். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திறந்ததும், "அப்ப ஒரு சாஃப்ட்வேர் வாங்கிரலாமா ஜெரால்டு?" என்றார்.

முதலில் வந்தவர்

சாஃப்ட்வேர் விற்கிறவர், சென்னையிலிருந்து வெள்ளைச் சட்டையில் வந்தார். களிமண் தொழிற்சாலைக்கு வெள்ளைச் சட்டையோடு வருகிறவர் எதையும் கிட்டே போய்ப் பார்க்க மாட்டார் என்பது என் அனுபவம். மெஷினுக்கு மெஷின் ஒரு கட்டம்போட்ட ஸ்டிக்கர் ஒட்ட வேண்டுமாம். அதன் நேரே ஃபோனைப் பிடித்தால் மெஷினின் ஜாதகமே வந்து விழுமாம். மாதிரிக்கு நாலைந்து ஒட்டியும் காட்டினார். நன்றாகத்தான் வந்து விழுந்தது.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தால் ஸ்டிக்கர் மேல் மண்தூசி படிந்து, ஃபோன் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தது. கலியபெருமாள் துண்டால் துடைத்தார், வந்தது. அடுத்த மெஷினுக்குப் போனோம், அதையும் துடைத்தார். "இதை யாருங்க தினம் துடைக்கிறது?" என்று கேட்டேன். ஆள் கொஞ்சமும் அசரவில்லை. "அதையும் ஒரு வேலையா சாஃப்ட்வேர்ல ஏத்திரலாம் சார். ஸ்டிக்கர் துடைத்தல், டெய்லி."

நான் கேட்ட ஒரே கேள்வி

வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். "பராமரிப்புத் தேதி வந்துருச்சு. உற்பத்திக்காரங்க மெஷினை நிறுத்த மாட்டேங்கிறாங்க. அப்ப உங்க சாஃப்ட்வேர் என்ன செய்யும்?" ஒருவர், மெயில் போகும் என்றார். எங்கள் உற்பத்தி மேனேஜர் சீனிவாசன் மெயிலைத் திறந்து படித்ததாக வரலாறே கிடையாது. இன்னொருவர், திரையில் சிவப்பு விளக்கு எரியும் என்றார். எரியட்டும், யார் வேண்டாமென்றது? மூன்றாமவர்தான் பெருமையாக, "வேலையைத் தானாவே அடுத்த வாரத்துக்குத் தள்ளி வச்சிரும் சார், நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம்" என்றார்.

அதுவரை வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த சீனிவாசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அரைத்த மண்குழம்பு தொட்டி நிறைய இருந்தாலும், மில்லை நிறுத்தக் கேட்டால் "இந்த வாரம் ஆவாது" என்பது அவருக்கு வாயில் ஊறிய வார்த்தை. முகமெல்லாம் சிரிப்பாக முதலாளியைப் பார்த்துச் சொன்னார்: "இத்தனை நாளா நான்ல கையால தள்ளிக்கிட்டிருந்தேன். இதையே வாங்கிருங்க சார்."

தேர்வுக் கமிட்டி

தேர்ந்தெடுக்க ஒரு கமிட்டி போட்டார்கள். கணக்குப் பிரிவு இருந்தது, ஸ்டோர் இருந்தது, மில் எந்த ஷெட்டில் இருக்கிறது என்றே தெரியாத, ஆட்களின் வருகை விடுப்பு பார்க்கிற பர்சனல் அதிகாரி இருந்தார். கிரீஸ் வைக்கிற கலியபெருமாள் மட்டும் இல்லை. கேட்டதற்கு, அவருக்கு ஷிப்ட் இருக்கிறதாம். நமக்கெல்லாம் வேலை இல்லை என்பதை இவ்வளவு நாசூக்காகச் சொல்லி நான் கேட்டதில்லை. பர்சனல் அதிகாரிக்கு, தொழிலாளி பிறந்தநாளுக்கு சாஃப்ட்வேர் வாழ்த்துச் சொல்லுமா என்று தெரிய வேண்டும். சொல்லுமாம். அதிலேயே பாதிக் கூட்டம் போனது.

கடைசியில் தேர்ந்தெடுத்தது கமிட்டியே இல்லை. முதலாளி திருமலைராயன்பட்டினத்துக்காரர்; அவர் மருமகன் துபாயில் இருக்கிறார், அங்கே துணி வியாபாரம். நான் ஆட்சேபணைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோதே முதலாளி ஃபோனை நீட்டி வீடியோ காலில் மருமகனுக்கு ஒரு சாஃப்ட்வேரின் திரையைக் காட்டிவிட்டார். "மருமவன் பாத்துட்டு நல்லா பளிச்சுன்னு இருக்குன்னுட்டாரு. இதுக்கு மேல என்ன வேணும் ஜெரால்டு உங்களுக்கு?"

கரையேறிய படகுகள்

நீங்கள் நினைத்ததுதான். தானாகத் தள்ளிவைக்கிறதையே வாங்கினார்கள். சொல்லிக்கொடுக்க ஒரு தம்பி வந்தார். அப்போது மீன்பிடித் தடைக்காலம், அரசாங்கம் விசைப்படகுகளைக் கடலுக்கு விடாத நேரம். முதலாளிக்கு விசைப்படகுகளும் உண்டு. வந்தவருக்கு அதைக் காட்டாமல் அனுப்ப மனம் வருமா? காரில் ஏற்றித் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனார், என்னையும் சேர்த்து.

படகுகள் கரையில் வரிசையாக நின்றன. இன்ஜினைக் கழற்றிப் பாகம் பாகமாகப் பரப்பி வைத்திருந்தார்கள். ஒருவர் பேரிங் மாற்றிக்கொண்டிருந்தார், நிற்கிற இன்ஜினில், நிதானமாக, பீடி பிடித்துக்கொண்டு. எனக்கு வயிறு எரிந்தது. "வருஷா வருஷம் இப்புடித்தான், ஒரு நட்டு விடமாட்டோம்" என்றார் முதலாளி. தம்பி அசந்துபோய், இதற்கு எந்த சாஃப்ட்வேர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். முதலாளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சாஃப்ட்வேரா? இப்ப போட்டைக் கடலுக்கு எடுத்தா புடிச்சிருவாங்க தம்பி. வேற வழியில்லாம எல்லாத்தையும் பாத்துடுறோம்."

பச்சை மாதம்

முடித்த வேலை திரையில் பச்சையாகும். மில்லுக்கு இரண்டு வேலை பதிவு செய்திருந்தோம். "கிரீஸ் வைத்தல்" தினமும் பச்சை. "பேரிங் மாற்றுதல்" வாராவாரம் தானாகத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது; தள்ளிப்போனது நிலுவை ஆகாதாம், அதனால் அதுவும் பச்சை. மில்லின் கத்தல் கேன்டீன் வரை கேட்கிறது, திரையில் புல்வெளி மாதிரி இருக்கிறது. நான் கத்தினேன். எனக்கும் அந்த பேரிங்குக்கும் வித்தியாசம் தெரியவில்லை போலிருக்கிறது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மாதக் கடைசியில் அதிகப் பச்சைக்குப் பரிசு கொடுத்தார்கள். கலியபெருமாளுக்குத்தான். சான்றிதழை வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். "சார், இத வச்சிக்கிட்டு ஒரு நாள் மில்ல நிறுத்தச் சொல்லிக் கேக்கலாமா?"

பழைய சட்டை

கிரீஸ் வைக்க நேரமாகிவிட்டால் சாஃப்ட்வேர் ஃபோனில் மணியடிக்கும், வேலை முடிந்ததா என்று கேட்கும். அன்றைக்கு கலியபெருமாள் கையை உள்ளே நீட்டியிருந்தபோது, சட்டைப் பையில் அது அடித்தது. குனிந்து பையைப் பார்த்திருக்கிறார். அந்த ஒரு நொடியில் சக்கரம் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது. நான் ஓடிப்போனபோது தோள்பட்டையிலிருந்து துணி கிழிந்து சக்கரத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது. அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்திருந்தது. எலும்புக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

சாஃப்ட்வேரில் காரணம் கேட்கும் கட்டத்தில் சீனிவாசன் "தொழிலாளி கவனக்குறைவு" என்று போட்டார். இருந்த காரணங்களில் அதுதான் பொருந்தியதாம். "மில் ஓடியது" என்று ஒரு காரணம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆஸ்பத்திரியில் கலியபெருமாள்தான் எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். "சட்ட பழசு சார், அதான் சட்டுனு கிழிஞ்சிருச்சு. தீபாவளிச் சட்டையா இருந்தா கைய இழுத்திருக்கும்."

பூட்டு

மறுநாள் காலை வரும் வழியில் கோட்டுச்சேரியில் வண்டியை நிறுத்தி, இரும்புக் கடையில் ஒரு சங்கிலியும் பூட்டும் வாங்கினேன். மில்லை நிறுத்தினேன். மெயின் சுவிட்சில் சங்கிலியைச் சுற்றிப் பூட்டி, சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். சக்கரத்திலிருந்து எடுத்த அந்தச் சட்டைக் கையைப் பூட்டிலேயே தொங்கவிட்டேன். மற்ற ஃபிட்டர்களைக் கூப்பிட்டு பேரிங்கைக் கழற்றச் சொன்னேன். சீனிவாசன் வந்தார், குதித்தார், முதலாளிக்கு ஃபோன் போட்டார். வேலையைவிட்டுப் போகச் சொன்னால் சாவியோடு அடையாள அட்டையையும் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்து வைத்திருந்தேன். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். பயம் இல்லாமல் இல்லை.

முதலாளி வந்ததும், "என்ன ஜெரால்டு இது?" என்றார். "தடைக்காலம் முதலாளி. உங்க போட்டுக்கு கவர்மெண்டு போட்டுச்சு, இதுக்கு நான் போட்டிருக்கேன்" என்றேன். அவர் கிட்டே வந்து அந்தத் துணியைக் கையில் எடுத்துப் பார்த்தார். கிரீஸும் ரத்தமும் காய்ந்து விறைத்திருந்தது. "யா அல்லா" என்று வாய்க்குள் சொன்னார். நாற்காலி ஒன்றை இழுத்துப் பூட்டுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். சீனிவாசன் இன்னும் உற்பத்தி உற்பத்தி என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளி திரும்பவே இல்லை. "தடைக்காலத்துல கரையில நின்னு கத்தி என்ன ஆவப்போவுது சீனிவாசன்? போய் எல்லாருக்கும் டீ சொல்லுங்க."

மத்தியானத்துக்குள் புது பேரிங் ஏறிவிட்டது. அதற்குள் எல்லோர் ஃபோனிலும் ஒரு செய்தி வந்து விழுந்திருந்தது: மில் நின்றுவிட்டது, காரணம் குறிப்பிடப்படவில்லை. அத்தனை நாள் பச்சையாக இருந்த மில், பழுது பார்த்த அன்றைக்குத்தான் முதல்முறையாகத் திரையில் சிவப்பானது.

ஆகவே, ஊரெல்லாம் ஆள் வரவழைத்து, கமிட்டி போட்டு, துபாய் வரை காட்டி நாங்கள் பார்த்த பராமரிப்பு சாஃப்ட்வேர்களிலேயே உருப்படியாக வேலை செய்தது கோட்டுச்சேரி இரும்புக் கடைப் பூட்டு ஒன்றுதான்.