அவளுடைய ‘நாம’, என்னுடைய ‘நான்’

லம்பா லைன் பகுதியில் என் பக்கத்து வீட்டுக்காரி ‘நான்’ என்று சொல்ல மாட்டாள். குடிவந்த முதல் நாள் வாசலில் நின்று, “அக்கா, நாம கடைக்குப் போறோம், ஏதாச்சும் வேணுமா?” என்று கேட்டாள். கூட யார் போகிறார்கள் என்று அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. எங்கள் தீவில் பேசுகிற இந்தியில் ஒற்றை ஆளாக நின்றுகொண்டே ‘ஹம் ஜாயேகா’, அதாவது ‘நாம போவோம்’ என்பார்கள். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்து இந்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், அந்த ‘ஹம்’மை அப்படியே தமிழுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். நாம குளிச்சோம். நமக்குத் தலைவலி. நாம தனியாத்தான் தூங்குனோம். இதை நான் எல்லோரிடமும் நடித்துக் காட்டுவேன், அவள் மகளிடம்கூட. மகாராணி வந்துவிட்டாள் என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

எனக்கு ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை. மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். மெயின்லேண்டில் நாலைந்து பத்திரிகைக்காரர்களுக்கு என் பெயர் தெரியும். அந்த நாலைந்து பேருக்காக நான் எதுவரை போவேன் என்பது அப்போது எனக்கே தெரியாது.

அவள் புருஷனுக்கு ஈரல் கெட்டுவிட்டது. இங்கே முடியாது, சென்னைக்குக் கொண்டு போங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். சென்னையில் நர்ஸாக இருக்கும் மகள் ஆஸ்பத்திரியில் எல்லா ஏற்பாடும் செய்துவிட்டுக் காத்திருந்தாள். கப்பலில் படுத்துப் போகிற இரண்டு பங்க் டிக்கெட்டை நான்தான் போட்டுக் கொடுத்தேன். கப்பல் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அது கேன்சல் ஆனது. மூன்று வாரத்தில் அவர் வீட்டிலேயே போய்ச் சேர்ந்தார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் என் அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கேட்காமலே சொன்னாள்.

“டாக்டர் போகத்தான் சொன்னாரு அக்கா. நாமதான் வேணாம்னு சொல்லிட்டோம்.”

அவ்வளவுதான். முறத்தை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. துக்கத்தால் இல்லை. கதை கிடைத்துவிட்டது.

முதலில் ‘அவள்’ என்றுதான் எழுதினேன். அவள் கப்பலை நினைத்தாள், அவள் அவரைப் பார்த்தாள், அவர்கள் வேண்டாம் என்றார்கள். படித்தால் பாவமாக இருந்தது. பாவமாக மட்டும்தான் இருந்தது, உப்பில்லாத கஞ்சி மாதிரி. இரண்டு பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முழுவதையும் ‘நான்’ என்று மாற்றினேன். தமிழில் அப்படி மாற்றினால் வினைச்சொற்களின் வாலெல்லாம் ‘ஏன்’ என்று ஒலிக்கும். சொன்னேன், நின்றேன், விட்டேன். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி ஏன், ஏன் என்று கேட்பது போலிருந்தது. ‘அவள் அவருடைய பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் வைத்தாள்’ என்பது வீட்டு வேலை. ‘நான் அவருடைய பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் வைத்தேன்’ என்பது கொலை. அதே துணி, அதே அலமாரி. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

‘வேண்டாம் என்றார்கள்’ என்பதை ‘வேண்டாம் என்றேன்’ ஆக்கும்போது மட்டும் கை கொஞ்சம் நின்றது. ஏனென்றால் அந்த கேன்சல் விண்ணப்பத்தை வாங்கியவளே நான்தான். அவர் ஆட்டோவில் வந்து, கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, கோணல்மாணலாகத் தானே கையெழுத்துப் போட்டார். “மூணு நாளு கடல்ல கெடந்து சாவ முடியாதும்மா, வீட்லயே போறேன்” என்றார். அவள் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்று தலையாட்டினாள். எல்லாம் எனக்குத் தெரியும். அந்தக் கையெழுத்தைக் கதைக்குள் விட்டால் மறுபடியும் கஞ்சிதான். அவள் ‘நாம’ என்றால் ‘நான்’தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மேலே எழுதினேன்.

கதை வெளியானது. ‘அந்தப் பொம்பளையை அறைய வேண்டும்போல் இருந்தது’ என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். மின்னி பே பகுதியில் மாதாமாதம் கூடுகிற எங்கள் வாசகர் வட்டத்தில் அதை இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. “நம்ம கதைய அக்கா எழுதிருக்காங்க” என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து மகளுக்கு வாட்ஸப்பில் அனுப்பினாள். அப்பாதான் வர மறுத்தார் என்று அம்மா சொன்னதை அதுவரை நம்பியிருந்த மகளுக்கு.

பத்து நாள் கழித்து என் வீட்டுக்கு வந்தாள். “போனே எடுக்க மாட்டேங்கிறா அக்கா. நீதான அப்பாவக் கொன்னன்னு மெசேஜ் போட்டிருக்கா. என்னா எழுதுனீங்க? கொஞ்சம் படிங்க.”

படித்தேன். என் கதையை அவ்வளவு மோசமாக நான் படித்ததே இல்லை. ‘வேண்டாம் என்றேன்’ வந்ததும் கையை நீட்டி நிறுத்தினாள்.

“இது யாரு அக்கா, இந்த நான்?”

“நீதாம்மா.”

“நாமளா?” என்றாள். “நாமன்னா அவரும் நாமளும் அக்கா. மத்லப், ரெண்டு பேரும். ஒங்களுக்குத் தெரியும்ல? நீங்கதான கேன்சல் பாரத்த வாங்குனீங்க.”

அவள் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். “அவகிட்ட நீங்களே சொல்லிருங்க அக்கா. நீங்க சொன்னா கேப்பா” என்றாள்.

என் நம்பரைப் பார்த்ததும் மகள் எடுத்துவிட்டாள். தாயும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். அப்பாதான் கையெழுத்துப் போட்டார், நான் கண்ணால் பார்த்தேன், அம்மா சொன்ன ‘நாம’ இரண்டு பேரும் சேர்ந்தது என்றெல்லாம் சொன்னேன்.

“அம்மா பல்லு தேய்க்கிறதுக்கும் நாமன்னுதான் சொல்லும் பெரியம்மா. நீங்களே நடிச்சுக் காட்டுவீங்கல்ல?”

“இது அப்படி இல்லடி. கையெழுத்து அப்பாவோடது.”

“அப்ப அத ஏன் எழுதல?”

கவுண்டரில் முப்பது வருஷமாக எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இதற்கு, கதைக்காக என்று ஏதோ முனகினேன்.

“அம்மா பக்கத்துல ஒக்காந்து அழுவுது. அதான் இப்ப மாத்திச் சொல்றீங்க” என்றாள் மகள். “கதையிலதான் நெசத்தச் சொல்லிருக்கீங்க பெரியம்மா. நான் நான்னு அப்படி எழுத பொய்யால முடியாது.”

என் எழுத்துக்குக் கிடைத்ததிலேயே பெரிய பாராட்டு அதுதான். ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. அதை மறைத்து எழுதினால் இதுவும் இன்னொரு கதையாகிவிடும். போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மகள் பொங்கலுக்கும் வரவில்லை, முதல் வருஷத் திதிக்கும் வரவில்லை. திதிச் சோற்றை அவள் ஒருத்தியாகவே ஆக்கி ஒருத்தியாகவே காக்கைக்கு வைத்தாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

போன வாரம் வாசலில் அவள் பையோடு நின்றாள். பேச்சுக் கொடுக்கலாமே என்று, “எங்கம்மா கெளம்பிட்ட?” என்றேன்.

“கடைக்கு. நாம...” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். புதுச் சொல்லைப் பழகுகிறவள்போல உதட்டைக் கூட்டி, “நான். நான் போறேன்” என்றாள்.

ஏதாச்சும் வேணுமா என்று கேட்கவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் நான் எட்டிப் பார்க்கவும் இல்லை.