என் வீட்டுக்கு நானே சொன்ன குறைகள்

போன வாரம் ஒரு மாலை. மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் யோகராஜா படியிறங்கி வந்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

"ஐயா… உங்களிட்ட ஒரு கடிதம் வேணும்."

யோகராஜா யாழ்ப்பாணத்துக்காரர். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுக்குக் கிட்டவே அச்சகம் வைத்திருந்தார். கல்யாண அழைப்பிதழ், பில் புத்தகம், கோயில் நோட்டீஸ் என்று ஓயாத வேலை. திடீரென்று கடதாசி விலை ஏறியது. அழைப்பிதழ் எல்லாம் போனுக்குள் போய்விட்டது. லீசிங்கில் எடுத்த மெஷின் மட்டும் அசையாமல் நின்றது. அச்சகத்தை மூடினார். இப்போது பக்கத்திலேயே இன்னொருவருடைய அச்சகத்தில் சம்பளத்துக்கு வேலை. "கடனைக் கட்ட வழியில்லை, நான் வங்குரோத்தாகிவிட்டேன்" என்று நீதிமன்றத்தில் மனுவும் போட்டிருக்கிறார்.

அதற்கு வீட்டுக்காரன் கடிதம் எதற்கு என்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டேன்.

மாதச் செலவுப் பட்டியல் கொடுக்க வேண்டுமாம். கடன் கொடுத்தவர்கள் இவருக்காக வழக்குப் பேசும் லோயர் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்ப்பார்களாம். அரிசி, பருப்பில் கை வைக்க மாட்டார்கள். பிள்ளைகளின் படிப்பில் கை வைக்கக் கூசுவார்கள். வாடகை என்ற வரி வந்ததும்தான் பேனையைத் திறப்பார்கள்! தெல்தெனியப் பக்கம் போனால் பாதி வாடகைக்கு வீடு கிடைக்குமே, கடன்காரனுக்கு டவுனுக்குக் கிட்ட வீடு எதற்கு என்று கேட்பார்களாம். "வாடகை நியாயமானதுதான்" என்று வீட்டுக்காரர் எழுதித் தந்தால் உதவியாக இருக்கும் என்று லோயர் சொல்லியிருக்கிறார்.

"இல்லையெண்டால் நாங்கள் மாறத்தான் வேணும் ஐயா. மூத்தவளுக்கு இந்த வருசம் ஏ.எல். சோதினை. இங்கயிருந்தால் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவாள்…"

கடிதம்தானே? எனக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பு இல்லை. புசல்லாவைத் தோட்டத்திலிருந்து ஒரு துணிப்பையோடு கண்டிக்கு வந்தவன். மூட்டை தூக்கினேன், ஹார்ட்வெயார் கடை போட்டேன், மாடி வீடு கட்டினேன். இன்று என் எழுத்தை வாராவாரம் நீங்கள் படிக்கிறீர்கள். எனக்கா கடிதம் எழுதத் தெரியாது?

அன்றைக்கே ஒரு முழுப் பக்கம் எழுதினேன். 'இது என் சொந்த உழைப்பில் கட்டிய வீடு. தரை முழுவதும் டைல்ஸ். கதவுகள் தேக்கு. குழாய்கள் அனைத்தும் என் கடையின் முதல்தரச் சாமான். சுடுதண்ணீர் உண்டு. பல்கனியில் நின்றால் மகாவலி கங்கை தெரியும். இப்படிப்பட்ட வீட்டுக்கு இரண்டு மடங்கு கேட்டாலும் தகும்.'

மனைவி வாங்கிப் படித்தாள்.

"என்னங்க இது? கடிதமா, கலியாணத் தரகர் எழுதிக் குடுத்ததா?"

எழுதத் தெரிந்தவனைப் பார்த்தால் வீட்டில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். நான் கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் யோகராஜா அதே கடிதத்தோடு திரும்பி வந்தார். கதிரையைக் காட்டினேன். உட்காரவில்லை.

"குறை நினைக்காதேங்கோ ஐயா. இதைக் குடுக்கேலாது எண்டு லோயர் சொல்லுறார்."

"ஏன், எழுத்துப் பிழையா?"

"அப்பிடியில்லை. இதை வாசிச்சால், வங்குரோத்தான ஆள் மாளிகையில இருக்கிறான் எண்டு நினைப்பினமாம்."

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவி சிரித்தது இங்கே கேட்டது.

எனக்குக் கோபம். கல் கல்லாகச் சேர்த்துக் கட்டிய வீட்டை உள்ளபடி புகழ்வதும் தப்பா? கடிதத்தை வாங்கி மடித்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "பரவாயில்லை ஐயா. நான் வேற வீடு பார்க்கத் தொடங்கியிட்டன்."

வேற வீடு பார்க்கத் தொடங்கியிட்டன்… இதே வார்த்தையை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன்.

நான் எழுந்த கதைகளையெல்லாம் இந்தப் பக்கத்தில் படித்திருப்பீர்கள். விழுந்த கதையை நான் எழுதியதில்லை. பெரிய மனுசன் விழுந்ததை எழுதுவானா?

முப்பது வருடத்துக்கு முந்திய கதை. அப்போது மடவளையில் ஒரு ஹாஜியாரின் வீட்டில் வாடகைக்கு இருந்தேன். ஒரு கட்டட கொந்தராத்துக்காரரை நம்பிச் சீமெந்தும் கம்பியும் கடனுக்கு அள்ளிக் கொடுத்தேன். அவர் ஊரை விட்டே போய்விட்டார். சாமான் தந்த முதலாளிமார் என் கடைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். கடையைத் தந்துவிடு, மிச்சக் கடனை மாதா மாதம் கொஞ்சம் கட்டு என்றார்கள். சரி என்றேன். அப்புறம் ஒருவர் கேட்டார்: "கடன்காரனுக்குக் கல்வீடு எதுக்கு? தோட்டத்து லயத்து அறைக்கே திரும்பிப் போகலாமே?"

வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

அந்த நேரத்தில் கடைக்குள் வந்தார் ஹாஜியார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

"எந்தக் கல்வீட்டச் சொல்றீங்க? எண்ட ஊட்டயா? மழ பெஞ்சா ஒழுகுது. கோடையில கெணறு காஞ்சி போகும். அந்த ஊட்ட வேற எவன் எடுப்பான்? நான் கேக்கிற வாடகதான் கூட. அடுத்த மாசத்துலருந்து நானே கொறைக்கிறேன்."

முதலாளிமார் வீட்டுப் பேச்சை விட்டுவிட்டார்கள். நாங்கள் அந்த வீட்டிலேயே இருந்தோம். அங்கிருந்து காலையில் முதல் பஸ் எடுத்து வேலைக்குப் போனேன். நாலே வருடத்தில் எல்லோருக்கும் கொடுத்து முடித்தேன். அங்கேயிருந்துதான் மறுபடி கடையும் திறந்தேன்.

ஒழுகியது உண்மைதானா என்று கேட்பீர்கள். உண்மைதான்… பின்பக்கத்து விறகுக் கொட்டிலில் ஒரு மூலை!

கடன் தீர்ந்த பிறகு அவரிடம் கேட்டேன்: "ஹாஜியார், நாலு பேருக்கு முன்னால சொந்த வீட்டையே அப்படிக் கொறைச்சுப் பேசிட்டீங்களே?"

"ஊட்டக் கொற சொன்னா ஊடு அழுமா தம்பி? நீங்கதான் அழுதுக்கிட்டு நின்டீங்க."

அவர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. நான் கட்டிய மேல்மாடிக்கு அத்திவாரம் என் உழைப்பு என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அவர் குறைத்த வாடகையும் அதற்குள் கிடக்கிறது. அதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

இதெல்லாம் நினைத்து முடிப்பதற்குள் யோகராஜா இரண்டு படி ஏறியிருப்பார்.

"நில்லுங்க. பேனையை எடுங்க. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

சொல்லத் தொடங்கினேன். ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஐம்பத்திரண்டு படி. வாகனம் மேலே வராது. பின்னேர வெயில் முழுவதும் ஒரு பக்கச் சுவரில்தான். குரங்கு வந்து கூரை ஓடுகளைக் கிளப்பும். தண்ணீர் வேகம் போதாது. குழாய் விற்றே முன்னுக்கு வந்தவன் வாயால் இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

இன்னும் ஒன்று இருந்தது. சின்ன அறையில் ஒரு சுவர் ஈரம் கசியும். வீட்டை வாடகைக்கு விடுமுன் நானே ஒரு பழைய அலுமாரியை இழுத்துப் போட்டு அதை மறைத்திருந்தேன். அதையும் சொன்னேன்.

யோகராஜா தலை நிமிரவில்லை. எழுதிக்கொண்டே சொன்னார்: "அது எங்களுக்குத் தெரியும் ஐயா. வந்த முதல் மழைக்கே அலுமாரிக்குப் பின்னால பூஞ்சணம் பிடிச்சிட்டுது."

"அப்போ ஏன் சொல்லல்ல?"

"நீங்கள் ஒவ்வொரு நாளும் வீட்டைப் பற்றிச் சந்தோசமாகக் கதைப்பியள். எப்பிடிச் சொல்லுறது?"

அவர்கள் குடிவந்து மூன்று வருடம்! ஈரச் சுவரோடு மூன்று வருடம் என் பெருமையையும் சேர்த்துச் சுமந்திருக்கிறார். நான் அவருக்குத் தயவு செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வரியை நானே எழுதினேன். 'இங்கிருந்து இவருக்கு வேலைக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கும் பஸ் செலவு இல்லை. குறைந்த வாடகைக்குத் தூரம் போனால் மிச்சம் பிடித்தது பஸ்ஸுக்கே போய்விடும்.' வங்குரோத்தானவனுக்கு எது நியாயமான வாடகை? படித்தவர்கள் பெரிய விளக்கம் வைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: காலையில் எழுந்து உழைக்கப் போவதற்கு ஒரு வாசல்படி வேண்டும். அதையும் பிடுங்கிவிட்டு, கடனைக் கட்டு என்றால் எங்கேயிருந்து கட்டுவான்?

திங்கட்கிழமை லோயர் வீட்டில் கூட்டம் நடந்தது. யோகராஜா ஐம்பத்திரண்டு படியையும் ஒரே மூச்சில் ஏறி வந்தார்.

"வாடகையை ஒத்துக்கொண்டிட்டினம் ஐயா! நாங்கள் மாறத் தேவையில்லை!"

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு தேநீர் போடப் போனாள்.

"ஆனால் ஐயா… எனக்குக் கடனுக்குக் கடதாசி தந்த முதலாளி உங்கட கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சுப் போட்டு ஒண்டு கேட்டவர்."

"என்ன கேட்டார்?"

"'இவ்வளவு குறையுள்ள வீட்டுக்கு இந்த வாடகை கூடத்தானே? வீட்டுக்காரரிட்டச் சொல்லிக் குறையுங்கோ' எண்டு."

குறைத்துவிட்டேன். ஹாஜியார் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். ஈரச் சுவருக்கு மேசன் பாஸும் வந்து பூச்சு வேலை தொடங்கிவிட்டார்.

கடிதத்தில் மகாவலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதனாலென்ன… பல்கனியில் நின்றால் அது பாட்டுக்குத் தெரியத்தான் செய்கிறது!