இரண்டு மாவட்டத்துப் பட்டாணி

வாசலுக்கு வந்து உள்ளங்கையை நீட்டி, தூறல் விழுகிறதா என்று பார்த்து, வானத்தை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் முத்தாலம்மாள் சாயங்காலம் பட்டாணியை ஊறப் போடுவார். பள்ளிக்கூட வாசலில் சுண்டல் வண்டி போடுகிறவருக்கு மழைக்காலத்தில் இது ஒரு சூதாட்டம். "ஊறுனத்த மறுபடி காய வெச்சு சாக்குல கொட்ட முடியுமா சார்? நம்ம தலையெழுத்து சாயங்காலமே ஊறிடுது. லீவு வுடறவன் காலைல எழுந்து பல்லு வெளக்கிகினேதான் யோசிப்பான்!"

பள்ளிக்கரணை முடிந்து மேடவாக்கம் தொடங்கும் இடத்தில் நிற்கிறது வண்டி. தினமும் சுண்டல் வாங்கும் நான், நிழலுக்காக என்று நினைத்திருந்தேன். "நெழலா? அட நீ வேற சார்!" என்று கரண்டியால் இரண்டு பக்கமும் காட்டினார். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் சென்னை மாவட்டம், இந்தப் பக்கத்தது செங்கல்பட்டு. மழை லீவைத் தனித்தனியாகத்தான் அறிவிப்பார்கள். ஒன்றை மூடினாலும் இன்னொன்று இருக்கும், வண்டியை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். "ஒரே மாவட்டத்த நம்பி கட போட்டா நடுத்தெருதான்."

மழைமேல் அவருக்குக் கோபம் கிடையாது. "அது கருத்துகினு, காத்தடிச்சி, சொல்லிகினு வருது. கவுர்மெண்டு சொல்லாம வரும், இல்லாங்காட்டி சொல்லிட்டு வராது." சதுப்பு நிலத்தை ஒட்டிய அவர் வீட்டில் ஒரு வெள்ளத்தின்போது இடுப்பளவு தண்ணீர் ஏறி, பழைய வண்டியையே அடித்துக்கொண்டு போயிற்று. "ஸ்கூலு லீவுன்னு டிவில ஓடிகினே கீது. ஏரிய தொறந்து வுட்டத சொல்றதுக்கு ஒரு நாதி இல்ல." இதைச் சொல்லும்போதும் வெங்காயத்தைப் பொடியாக அரிந்துகொண்டேதான் இருந்தார்.

மகள் அஞ்சலி மேடவாக்கம் பக்கத்து அரசுப் பள்ளியில் ஆறாவது படிக்கிறாள். தெருப் பிள்ளைகள் எல்லாம் லீவு லீவு என்று குதிக்கும்போது, இவள் ஒருத்திதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். லீவென்றால் பள்ளிக்கூடத்துச் சோறு இல்லை, முட்டையும் இல்லை. வீட்டில் ஊறிக் கிடக்கும் பட்டாணிதான் மூன்று வேளையும். லீவு நாளில் பிள்ளைகள் ரோட்டுக்கு வருவதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் வாட்ச்மேன் வண்டியை விடுவதில்லை.

போன செவ்வாய்க்கிழமை இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்தே லீவு விட்டார்கள். எட்டு மணிக்கெல்லாம் மண்டையைப் பிளக்கிற வெயில். மனசு கேட்காமல் சாயங்காலம் அவர் வீட்டுக்கே போய், எனக்கு இரண்டு பொட்டலம் கட்டச் சொன்னேன். அஞ்சலி தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எம்மா, ராத்திரிக்கும் இதானா?"

"இன்னா பண்ண சொல்ற? போயி லீவு வுட்டவன கேளு!"

"ஸ்கூல்ல முட்ட போட்டிருப்பாங்க."

முத்தாலம்மாள் கட்டிக் கொடுத்த பொட்டலத்துக்குக் காசு வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு வாசலுக்கு வந்து உள்ளங்கையை நீட்டினார். ஒரு சொட்டு இல்லை. டிவியில் மறுநாளும் கனமழை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். "நேத்தும் இதத்தான் சொன்னான், பேமானி" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய், எப்போதும் போல் பட்டாணியைப் படி படியாக அளந்து குண்டானில் கொட்டினார். நாளைக்குப் பள்ளிக்கூடம் இருந்துவிட்டால்? சரக்கில்லாமல் வண்டியை எங்கே தள்ளுவது?

தண்ணீர் ஊற்றச் சொம்பை எடுத்தபோது அஞ்சலி எழுந்து வந்தாள். குண்டானுக்குள் கை விட்டு, இன்னும் நனையாத பட்டாணியில் ஒரு பிடி அள்ளி, சாக்குப் பக்கம் கையை நீட்டியபடி அம்மா திட்டுவாளோ என்று நிமிர்ந்து பார்த்தாள்.

முத்தாலம்மாள் சொம்பைக் கீழே வைத்தார். அவள் அதைத் திரும்பப் போடுவதற்குச் சாக்கின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.