முதலாளிக்குத் தெரியாது

சோலைமலைக்கு வாய் கிடையாது என்பதுதான் பெரும்பாறை ஜீப் ஸ்டாண்டில் எல்லோருடைய அபிப்பிராயமும். நான் அதே ஸ்டாண்டில் ஜீப் ஓட்டுகிறவன். அவன் முருகானந்தம் தோட்டத்துப் பிக்கப் டிரைவர். டீ குடிக்க வருவான், குடிப்பான், போவான். "என்னலே, வாயில கொழுக்கட்டையா?" என்று கேட்டால் சிரிப்பான். அப்படிப்பட்டவன் வாழ்க்கையில் இரண்டே தடவைதான் நாலு பேர் கேட்கப் பேசினான். இரண்டு தடவையும் நான் பக்கத்தில் நின்றேன். முதல் தடவை பேசாமலே இருந்திருக்கலாம், பாவி.

அவனுடைய அப்பா அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பல் ஏறி வந்தவர்கள். இங்கே வந்து தேயிலைக்குப் பதில் காப்பி, மிளகு. மற்றபடி அதே லயத்து வரிசை வீடு, அதே ஒற்றை அறை. அறையை இன்றைக்கும் அவர்கள் காம்பரா என்றுதான் சொல்வார்கள். சோலைமலை அந்த லயத்தில் வளர்ந்து, எங்களோடு கிளீனராகச் சுற்றி, லைசென்ஸ் எடுத்தான். எவனும் நம்பி வண்டி கொடுக்கவில்லை. பக்கத்துக் காம்பரா சின்னத்தாய்தான் முருகானந்தம் வீட்டு வாசலில் போய் நின்று, "நம்ம பய, குடிக்க மாட்டான், குடுத்துத்தான் பாருங்களேன்" என்று கேட்டு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தாள். ரத்த சொந்தம் ஒன்றும் இல்லை. ஆனால் அக்கா என்றால் அவனுக்கு அவள்தான்.

காப்பிப் பழம் எடுக்கிற மாதங்களில் அந்தப் பிக்கப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. மேல்காட்டில் பறித்து முடிந்ததும், கடைசி லோடு மூட்டைகளின் மேலேயே பெண்களும் ஏறிக்கொள்வார்கள். நடந்து வந்தால் இருட்டிவிடும் என்பது ஒன்று. அன்று பறித்த பழத்தை அன்றே கீழே மெஷினில் கொட்டித் தோல் உரித்தாக வேண்டும், அதற்கும் அதே பெண்கள்தான் வேண்டும் என்பது இன்னொன்று. வண்டியை அனுப்பும்போதே முருகானந்தம் சத்தம் போடுவார்: "சோலை, பொம்பளைகளையும் ஏத்திட்டு வெரசா வந்துருப்பா!" என் காதால் எத்தனையோ நாள் கேட்டிருக்கிறேன். அவர் தொண்டைக்கு மைக்கே வேண்டாம்.

2004 தை மாதம் அப்படி வெரசாக வந்தவன், வளைவில் ஹாரன் அடிக்காமல் திரும்பிவிட்டான். எதிரே பஸ். ஒடித்ததில் சக்கரம் ரோட்டை விட்டு இறங்கி வண்டி சாய்ந்தது. மற்றப் பெண்கள் காப்பிச் செடிகளுக்குள் விழுந்து சிராய்ப்போடு எழுந்துவிட்டார்கள். சின்னத்தாயின் வலது கால் வண்டிக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

முருகானந்தம் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சோலி சுலபமாக முடியும். ஆனால் தன் காரின் பின்சீட்டெல்லாம் ரத்தமாக, அவளை மதுரைக்குக் கொண்டுபோனவர் அவர்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகுதான் மனிதர் மாறிப்போனார். சின்னத்தாயின் மகள் மகாராணி நஷ்ட ஈடு கேட்டுத் திண்டுக்கல்லில் கேஸ் போட்டிருந்தாள். சரக்கு வண்டியில் மூட்டை மேல் உட்கார்ந்து வந்தவர்களுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிட்டது. அப்படியானால் எல்லாம் முதலாளி தலையில்தான் விடியும்.

அவருடைய வக்கீல் ஒரு யோசனை சொன்னார். ஆள் ஏற்றக் கூடாது என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், டிரைவர்தான் அவருக்குத் தெரியாமல் ஏற்றினான் என்று சொல்ல வேண்டும். அதுவும் டிரைவர் வாயாலேயே. உடனே பிக்கப்பின் பின்கதவில் சிவப்புப் பெயிண்டில் 'ஆட்களை ஏற்றாதே' என்று எழுத்து வந்துவிட்டது. எழுதி வாங்க வத்தலக்குண்டு பெயிண்டர் கடைக்கு வண்டியை ஓட்டிப்போனவன் சோலைமலையேதான். அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு ஸ்டாண்டில் காறித் துப்பியவன் நான்.

"ஒரு வார்த்த சொன்னாப் போதும்ப்பா" என்றாராம் முருகானந்தம். "போலீஸ் கேசு அபராதத்தோட போச்சு. உன்ட்டருந்து இனி என்னத்தப் புடுங்கப் போறாங்க? எனக்குத் தோட்டம் போயிரும். தோட்டம் போனா லயம் இருக்குமா, நீதான் இருப்பியா? சின்னத்தாய நான் கைவிட்ருவேனா? அவள நானே பாத்துக்குவேன்."

இதை என்னிடம் சொல்லும்போது சோலைமலை என் ஜீப் டயரைக் காலால் தட்டிக்கொண்டே இருந்தான்.

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன்."

"அட கூறுகெட்டவனே! அந்த அக்கா மூஞ்சில எப்பிடிலே முழிப்ப?"

"அக்காவப் பத்தி ஒண்ணும் சொல்லப் போறதில்லண்ணே. மொதலாளிக்குத் தெரியாதுன்னு மட்டுந்தான்."

வண்டியைக் கவிழ்த்த டிரைவருக்கு வேறு எவன் வண்டி கொடுப்பான்? இந்து என்கிற பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், குடியிருக்கிற காம்பராவும் முதலாளியுடையது. எல்லாம் எனக்கும் புரிந்தது. புரிந்தாலும் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சாட்சி சொல்கிற அன்று துணைக்கு வா என்று கெஞ்சினான். போனேன். கோர்ட்டு வராந்தாவில் சின்னத்தாய் கக்கத்தில் கட்டையோடு மகாராணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் எந்தப் பக்கத்துச் சாட்சி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், "வெள்ளனே கெளம்பிருப்ப, சாப்பிட்டியா சோலை?" என்று கேட்டாள். அவன் தலையை ஆட்டிவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

கூண்டில் ஏறியதும் முதலாளியின் வக்கீல் கேட்டார்: "வண்டியில ஆள் ஏத்தக் கூடாதுன்னு உங்க முதலாளி சொல்லியிருந்தாரா?"

"சொல்லிருந்தாருங்க."

"நீங்க ஏத்துனது அவருக்குத் தெரியுமா?"

"மொதலாளிக்குத் தெரியாதுங்க."

இதோடு விட்டிருந்தால்கூடப் போகிறது என்று இருந்திருப்பேன். சின்னத்தாயின் வக்கீல் எழுந்தார். "முதலாளி கூடாதுன்னு சொல்லியிருக்காரு. பின்ன நீங்க ஏன் ஏத்துனீங்க?"

சோலைமலை முழித்தான். இந்தக் கேள்விக்கு யாரும் அவனுக்குப் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை. முதலாளியைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், நெற்றியைத் துடைத்துக்கொண்டான். பிறகு சத்தமாகவே சொன்னான்: "நான் வேணாம்னுதாங்க சொன்னேன். கேக்காம ஏறிக்கிட்டாங்க."

"யாரு ஏறிக்கிட்டாங்க?"

"சின்னத்தாய்."

அக்கா என்றுகூட வரவில்லை அவனுக்கு. கோர்ட்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பின் பெஞ்சைப் பார்த்தார்கள். களவாண்டு பிடிபட்டவளைப் பார்க்கிற பார்வை அது. சின்னத்தாய் சேலையை இழுத்துக் குறைக்காலை மூடிக்கொண்டு குனிந்துவிட்டாள். மகாராணி அழுதாள். நான் வெளியே வந்துவிட்டேன். அவனோடு வந்தவன் என்று சொல்லிக்கொள்ளவே எனக்குக் கூசியது.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவன் என் பக்கத்தில் உட்காரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

மறு வருஷம் தீர்ப்பு வந்தது. முருகானந்தம்தான் கொடுக்க வேண்டும். கோர்ட்டு எதிர் டீக்கடையில் சின்னத்தாயின் வக்கீல் குமாஸ்தா நல்லசாமி எனக்கு விளக்கினார்.

"வண்டி யாருது? முதலாளியுது. மூட்டையில இருந்த காப்பி? முதலாளியுது. டிரைவர் யார் வேலையா வந்தான்? முதலாளி வேலையா. அந்த வேலையில வச்சு அவன் செஞ்ச தப்புக்கு முதலாளிதான்யா ஜவாப்பு. நான் கூடாதுன்னு சொன்னேன், அவன் கேக்கலைங்கறதெல்லாம் செல்லாது. இதே வண்டிய எடுத்துக்கிட்டு சொந்தமா சினிமாவுக்குப் போயிருந்தான்னா, அது வேற கத."

"அப்ப இவன் சொன்ன சாட்சி?"

"அதுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. உண்மையச் சொல்லியிருந்தாலும் இதே தீர்ப்புத்தான்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கே அவனைப் பிடித்து இதைச் சொல்லித் தொலைத்தேன். "உண்மையச் சொல்லிருந்தாலும் இதே தானாண்ணே?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டான். அப்போது எனக்கே பாவமாகப் போய்விட்டது.

முருகானந்தம் மிளகுக் காட்டை விற்றுக் கொடுத்தார். அவனை வேலையை விட்டு நிறுத்தவில்லை. "நீ உன்னால ஆனதச் சொன்ன, விடுப்பா" என்று முதுகில் தட்டிக்கொடுத்தாராம். லயத்தில் அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, இந்துவைத் தவிர. அவள் மட்டும், "காலு போன மனுஷி மேலயே பழியத் தூக்கிப் போட்டுட்டு வந்து நிக்குறியே, வெக்கமா இல்ல?" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினாள். தண்ணீர்க் குழாய் சின்னத்தாய் வாசலுக்கு எதிரில் இருந்தது. அவன் அந்தப் பக்கமே போகமாட்டான். லயத்தைச் சுற்றிக்கொண்டு, சேற்றில் இறங்கித் தன் காம்பராவுக்குப் போவான்.

ஐப்பசியில் ஒரு நாள் நல்ல மழை. கட்டைக்கால் பொருத்திக்கொண்ட சின்னத்தாய் மகளோடு எங்கள் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நின்றாள். நிழற்குடையில் கூட்டம், பாதி உடம்பு நனைந்தது. காலி பிக்கப்போடு வந்த சோலைமலை ஸ்டாண்டைத் தாண்டிப் போய், நிறுத்தி, ரிவர்ஸில் வந்தான். மழையில் இறங்கி முன்கதவைத் திறந்து பிடித்தான்.

"ஏறுக்கா. நனையாத."

சின்னத்தாய் அவனை நிமிர்ந்து பார்த்தாள். குரலில் கோபமே இல்லை.

"மொதலாளிக்குத் தெரியுமா?"

ஸ்டாண்டில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"தெரியும்க்கா" என்றான். "அன்னைக்கும் தெரியும். தெனமும் அவருதான் ஏத்திட்டு வரச் சொல்லுவாரு. ஏறாதன்னு உன்னைய நான் சொல்லவே இல்லக்கா. சொல்லவே இல்ல." மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அப்படி ஒரு குரல் அவனிடம் இருந்ததே எங்களுக்குத் தெரியாது.

சின்னத்தாய் முந்தானையால் முகத்து மழையைத் துடைத்துக்கொண்டாள்.

"அத அங்கன சொல்லிருக்கணும் தம்பி."

பஸ் வந்தது. மகாராணி தாங்கிப் பிடிக்க, ஒவ்வொரு படியாக ஏறி உள்ளே போய்விட்டாள். சோலைமலை கதவைப் பிடித்துக்கொண்டே நனைந்தான். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தான்.