வெள்ளத்தில் போன கான்டெஸா

மேலப்பாளையம் ரசீத் வாலிபத்தையெல்லாம் தோஹாவில் கார் கழுவியே கழித்தவர். பணக்காரர்கள் குடியிருந்த ஓர் அடுக்குமாடியின் அடித்தளத்தில் வேலை. அங்கே நின்ற வண்டிகள் எல்லாமே விலை கூடினவைதான். ஆனால் அவர் கை தயங்கி நின்றது மஸ்டாங், கமாரோ, சேலஞ்சர் போன்ற அமெரிக்க முரட்டு வண்டிகளிடம் மட்டும். மற்ற கார்களில் துணியை வைத்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். இவற்றில் அப்படி முடியாது. பானட் நடுவில் காற்றை உறிஞ்ச ஒரு மேடு எழும்பும். அதன் வாய்க்குள் விரலை விட்டுத்தான் தூசி எடுக்க வேண்டும். கதவைத் தாண்டியதும் தகரம் புடைத்து, பின்சக்கரத்துக்கு மேலே தொடை மாதிரித் திரளும். முன்விளக்குகள் உள்ளே பதுங்கி யாரையோ முறைக்கும். மஸ்டாங்குக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மும்மூன்று சிவப்பு விளக்குகள் செங்குத்தாக நிற்கும். அந்த வண்டிகளில் உட்கார அவர் ஆசைப்பட்டதே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் போதும்.

ஊர் திரும்பி வண்ணார்பேட்டையில் வாட்டர் சர்வீஸ் கடை போட்டார். ஒருநாள் வள்ளியூரில் ஒரு வீட்டுக் கொல்லையில் பழைய கான்டெஸா கார் ஒன்று கோழி அடையும் இடமாகக் கிடப்பதைப் பார்த்தார். நீளமான மூக்கு, குட்டையான வால். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. வண்டியை வாங்கி, கொக்கிரகுளத்தில் ஆற்றோரம் தகரம் தட்டும் பட்டறை வைத்திருந்த டிங்கர் சுவிசேஷமுத்துவிடம் கொண்டுவந்து இறக்கி, அந்த அமெரிக்க முரட்டு வண்டிகள் மாதிரி ஆக்கித் தரச் சொன்னார்.

"உருவத்த மாத்தினா போலீஸ்காரன் ரோட்டுல ஓட்ட விடமாட்டான் பாய்" என்றார் சுவிசேஷமுத்து.

"ஓட்டவா கேட்டேன் அண்ணாச்சி? சும்மா நிக்கட்டும். பாத்துக்கிட்டே இருக்கேன்."

பானட்டில் மேடு வந்தது. பின்பக்கம் புடைப்பு வந்தது. அந்தப் புடைப்பு சரியாக விழவில்லை என்று ரசீத் தடவித் தடவிப் பார்ப்பார். சுவிசேஷமுத்து முணுமுணுத்துக்கொண்டே மறுபடி தட்டுவார். ரசீத்தின் மனைவி ஷம்ஸியா முதலில் சிரித்தாள். பிறகு அவளே ஒருநாள், "கருநீலம் அடிங்க. செவப்புன்னா விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும்" என்றாள். கருநீலத்தின்மேல் இரண்டு வெள்ளைக் கோடுகள் என்று முடிவாயிற்று.

நீலம் அடித்துக் காய்ந்திருந்த சமயத்தில்தான் அந்த டிசம்பர் மழை பிடித்தது. மணிமுத்தாறும் பாபநாசமும் நிரம்பி, அணைகளைத் திறந்துவிட்டார்கள். ரசீத் பட்டறைக்கு ஓடினபோது முழங்கால் தண்ணீர். வண்டி மரக்கட்டைகள்மேல் இருந்தது. எஞ்சின் வெளியே, சக்கரங்கள் ஒரு மூலையில். தள்ளவும் முடியாது, இழுக்கவும் முடியாது. சக்கரத்தை மாட்டலாம் என்று ஜாக்கியை வைத்தார்கள். அது சகதிக்குள் இறங்கியது. கயிற்றை எடுத்து பம்பரைத் தூணோடு கட்டினார் ரசீத். தண்ணீர் இடுப்புக்கு ஏறியது.

"விடும் பாய். நம்ம உயிரு போயிரும்" என்று சுவிசேஷமுத்து அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

இருவரும் பக்கத்து மாடியில் ஏறி நின்று பார்த்தார்கள். முதலில் பின்விளக்குகள் மறைந்தன. பானட் மேட்டின் வாயிலிருந்து குமிழி குமிழியாக வந்தது. எஞ்சின் இல்லாத வண்டி பைய மிதந்து, கயிறு விறைத்து, தூண் சாய்ந்தது. தகரக் கதவை முட்டித் திறந்துகொண்டு வண்டி வெளியே போயிற்று.

தண்ணீர் வடிந்ததும் தெருத்தெருவாக இழவுச் செய்தியும் இடிந்த வீடுகளும்தான். "உங்களுக்கு என்ன போச்சு?" என்று கேட்டவர்களிடம், "ஒண்ணும் இல்ல" என்றார்.

வண்டி ஆற்றோடு போய் வெள்ளக்கோயிலைத் தாண்டி ஒரு வாழைத்தோட்டத்தில் கிடப்பதாகச் சுவிசேஷமுத்துதான் விசாரித்து வந்தார். போய்ப் பார்த்தார்கள். கூரை நசுங்கி, வயிறு முழுக்க மணல். சுற்றிலும் பொங்கலுக்கு வெட்ட வேண்டிய வாழைகள் படுத்துக் கிடந்தன. தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த இசக்கியம்மா வரப்பில் நின்றாள்.

"உங்க வண்டியா?"

"ஆமாக்கா."

திட்டுவாள் என்று நினைத்தார். அவள் திட்டவில்லை. "கிரேன் இங்கன எறங்காது. வெட்டித்தான் எடுக்கணும். எனக்கு நெலத்தைச் சுத்தம் பண்ணணும்லா" என்றாள்.

அவளிடம் என்ன சொல்லித் தடுக்க முடியும்? ஒரு வருஷப் பாடு மண்ணில் கிடக்கிறது. ரசீத் தலையாட்டினார்.

காஸ் தீயால் இரும்பு வெட்டும் ஆள் வந்து குழாயை விரித்துக்கொண்டிருந்தான். இசக்கியம்மா பின்சக்கரப் புடைப்பில் அப்பியிருந்த சேற்றைக் கையால் வழித்துவிட்டுக் கேட்டாள்: "இது எதுக்கு இப்படிப் பொடச்சிருக்கு?"

"அழகுக்குத்தான்க்கா" என்றார் ரசீத்.

"ம்" என்றாள் அவள். கையிலிருந்த சேற்றை உதறிவிட்டு வாழைகளைப் பார்க்கப் போய்விட்டாள்.

தீ பட்டதும் நீலம் கொப்புளித்துக் கருகியது. செல்போன் அடித்தது. ஷம்ஸியா.

"கெடச்சுதா?"

"கெடச்சுது."

"எப்படி இருக்கு?"

"வெட்டுதாங்க."

"அங்கன நிக்காதீங்க, வந்திருங்க" என்றாள்.

சரி என்றார். கடைசித் துண்டை லாரியில் ஏற்றும்வரை அவர் கால் நகரவில்லை.